ஹெராக்ளீஸுக்கு ஓர் அக்கா

ஜூலை 28, திங்கள்

க்ரோனஸ் பிள்ளைகளை விழுங்கும் அத்தியாயத்தை இன்று முடித்தேன். ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் என்று பிறந்த வரிசையில் ஐந்து பேரை விழுங்கிவிட்டார். ஆறாவது பிள்ளை ஜீயஸுக்குப் பதிலாக அம்மா ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள், அதையும் விழுங்கினார். மனைவி கொடுப்பதை என்னவென்று பார்க்காமல் விழுங்கும் கணவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள். ஜீயஸ் எங்கோ ஒளிந்து வளர்ந்து, திரும்பி வந்து, அப்பாவை வாந்தியெடுக்க வைத்தபோது கடைசியில் உள்ளே போனவர் முதலில் வெளியே வந்தார். அந்தக் கணக்கில் கடைக்குட்டி ஜீயஸ்தான் இப்போது வீட்டுக்கு மூத்தவர்.

ஆங்கிலத்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. தமிழில் ஜீயஸின் மகள் அதீனா வாயைத் திறந்து பொசைடனைக் கூப்பிட்டாக வேண்டும். பெரியப்பா என்றா, சித்தப்பா என்றா?

பதிப்பாளர் கேட்டிருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகம். கிரேக்கத் தெய்வங்களும் வீரர்களும் யாருக்கு யார் என்ன உறவு என்று கதையாகச் சொல்ல வேண்டும், கடைசியில் ஒரு வம்சப் படம் வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் பண்டைய வரலாறு சொல்லித்தந்தவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது பீரியட் முடிந்ததும், யாரோ பார்க்க வந்திருப்பதாகக் காலேஜ் வாட்ச்மேன் சொன்னார். போனால், குணாளன். எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பத்தொரு வயது, கதவை அடைக்கும் தோள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"டீ சாப்பிடுறீங்களா?"

"வேணாம்க்கா. ரெண்டு நிமிஷந்தான். எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு. ஆவணி பதிமூணு, கரூர்லதான். பொண்ணு நர்ஸு."

"சந்தோஷம்."

"நாத்தனார் முடிச்சு நீங்கதான்க்கா போடணும்."

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவது வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, சாஸ்திரப்படி நான் போடலாமா என்பது சந்தேகம் என்றேன்.

"நீங்க சாஸ்திரமெல்லாம் பாக்க மாட்டீங்கன்னு அப்பா சொல்லிருக்காரு."

கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

"பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். உங்க பேர் போடலாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க வரலேன்னா அந்த இடத்துல வேற யாரையும் நிறுத்த எனக்கு மனசில்ல. அந்தச் சடங்கே வேணாம்னு சொல்லிருவேன்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"பெரியம்மா நல்லா இருக்காங்களா? நான் வந்ததச் சொல்ல வேணாம்க்கா."

சொல்வதாக எனக்கும் எண்ணமில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பொசைடன்: சித்தப்பா. முடிவு.

ஜூலை 31, வியாழன்

பொசைடன்: பெரியப்பா. வயிற்றுக்குள் இருந்த வருடங்களைக் கழிப்பது நியாயமாகப் படவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா விடியலிலேயே எழுந்து புளிசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் மூன்றும் கலந்துவிட்டாள். எழுபத்து நான்கு வயது. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது இன்றுவரை அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று பார்ப்பதற்காக எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இன்று பெர்செபனி. பூப்பறித்துக்கொண்டிருந்தவளைப் பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தேரில் தூக்கிக்கொண்டு போக, பெற்றவள் டிமீட்டர் கோபத்தில் உலகத்துப் பயிரையெல்லாம் வாடவிட்ட கதை.

"இரு. ஹேடிஸ் அவளுக்கு என்ன வேணும்?"

"அவ அம்மா டிமீட்டரோட கூடப் பொறந்தவர்."

"தாய்மாமன். முறைதான். அதுக்கு ஏன் டிமீட்டர் இந்த ஆட்டம் ஆடுறா?"

"அவ அப்பா ஜீயஸுக்கும் அண்ணன்தான் அவர்."

அம்மா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "பெரியப்பாவா? சீ! என்னடி குடும்பம் இது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாய்மாமனாவே இருக்கட்டும். கேட்டுட்டுல்ல தூக்கணும்" என்றாள்.

பிறகு ஜீயஸின் மனைவி ஹீரா. ஜீயஸ் வேறு பெண்களிடம் போய்ப் பெற்ற பிள்ளைகளை ஹீரா பாடாய்ப் படுத்திய பகுதியை வேகமாக வாசித்துக் கடக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"அந்த ஹெராக்ளீஸ் தொட்டில்ல கெடக்கும்போது ரெண்டு பாம்பு அனுப்பினாளே, அத மறுபடி படி."

படித்தேன்.

"ரெண்டு கொஞ்சம் அதிகம்" என்றாள். "அவ பக்கம் நியாயம் இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு அதிகம்."

ஆகஸ்ட் 7, வியாழன்

தென்னூரில் ஸ்டெல்லாவின் டிடிபி கடை. என் புத்தகத்தைத் தட்டச்சு செய்வதும் வம்சப் படத்துக்குக் கோடு போடுவதும் அவள்தான்.

"மேடம், இந்த ஜீயஸுக்கு மொத்தம் எத்தனை சம்சாரம்? கோடு இழுக்க எடமே இல்ல. பேப்பரைப் பெருசாக்கிட்டேன்."

"எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும்."

"அவருக்கே தெரியாதுன்னு சொல்லுங்க. அதீனாவுக்கு அம்மா பேர் காணோமே?"

"மெட்டிஸ். மாசமா இருக்கும்போது ஜீயஸ் முழுங்கிட்டார். கொழந்த அவர் மண்டையப் பொளந்துக்கிட்டு வந்துச்சு."

"அப்பனுக்கு முழுங்குற வியாதி, மகனுக்கும் அதேவா? மாத்திரை சாப்பிட்டாலும் தீராது." மவுஸை நகர்த்தியபடி, "இன்னொண்ணு மேடம். அதீனாவுக்கும் ஹெராக்ளீஸுக்கும் நடுவுல புள்ளிக்கோடு போடச் சொல்லி, 'ஒன்றுவிட்ட தம்பி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் அப்பா ஜீயஸ்தானே?"

"அம்மா வேற."

"வேறயா இருந்தா என்ன? சித்தப்பா பிள்ளன்னா ஒண்ணுவிட்ட தம்பி. ஒரே அப்பான்னா தம்பிதானே மேடம்? எங்க தாத்தாவுக்கும் ரெண்டு வீடு. எங்கப்பாவும் சின்ன பாட்டி மகனும் பேசாத நாள் உண்டு, அண்ணன் தம்பி இல்லேன்னு சொன்ன நாள் கிடையாது."

அவள் சொல்வது சரி. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் விடைத்தாளில் பிழைகளைச் சுழித்தவள் நான். இந்தப் பிழை எப்படி என் கண்ணில் படவில்லை என்பதைப் பதிவு செய்துவைப்பது முறை. எங்கள் வீட்டில் அது அப்படித்தான் புழங்கியது. ரயில்வேயில் இருந்த அப்பா கரூருக்கு மாற்றலாகிப் போனார். அங்கே இன்னொரு வீடு ஏற்பட்டது. அந்த வீட்டில் ஒரு மகன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. பள்ளியில் யாரோ கேட்டதை வந்து சொன்னபோது, "ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லு, போதும்" என்றாள் அம்மா. சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்கச் சொல்லிவிட்டு வந்தேன். படத்தில்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குணாளனிடமிருந்து வாட்ஸ்அப்பில் பத்திரிகையின் மாதிரி வந்தது. கீழே, "அக்கா பேர் இருக்கலாமா வேணாமானு சொல்லுங்க. நாளைக்கு அச்சு."

பிழைகள் இருந்தன. பிழையோடு ஒரு தாளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. ஒற்று விட்ட இடங்கள், மண்டபத்தின் பெயர், அவருடைய அப்பா, அம்மா இருவர் பெயருக்கும் முன்னால் காலஞ்சென்ற என்பதில் ஓர் எழுத்து. எல்லாவற்றையும் திருத்தினேன். "மணமகனின் சகோதரி" என்று போட்டு என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.பில். என்று இருந்தது. பிஎச்.டி. விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். திருப்பி அனுப்பினேன்.

மற்றபடி நான் எதுவும் சொல்லவில்லை.

பதிலுக்குக் கும்பிடும் கைகள் வந்தன. ஒரு வரி முழுக்க.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. தலையணை உறை வாங்கக் கடைவீதிக்குப் போனேன். அரக்கு நிறத்தில் ஒரு பட்டு தள்ளுபடியில் கிடந்தது. ஆசிரியர் தினத்துக்கு உதவும்.

அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். "தலகாணிக்குப் பட்டு உறையா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பழைய பேப்பர்களைக் கட்டி வைத்தேன். மஞ்சள் நூல்தான் கைக்குக் கிடைத்தது. இரண்டு முடிச்சு. அவிழ்த்து மறுபடி இரண்டு முடிச்சு. கட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

அதீனா பொசைடனை எங்கேயுமே உறவு சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தேன். இருவரும் ஓர் ஊருக்காகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள். பெயர் சொன்னால் போதும்.

ஆகஸ்ட் 20, புதன்

மாலை வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு சீப்புப் பூவன் பழம், வெற்றிலை. தொட்டியில் கழுவாத காபி டம்ளர் இரண்டு. ஸ்டெல்லா பிழைதிருத்தப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள், அவள் குடித்ததாக இருக்கும்.

"பழம் யார் வாங்கினது?"

"பழம் வாங்க நான் உன்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?"

அம்மாவுக்குக் காபி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மிளகாய்ப்பொடி அரைத்துவைத்தேன் என்றாள். டப்பாவில் பழைய பொடிதான் இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெராக்ளீஸின் பன்னிரண்டு வேலைகளை அம்மாவுக்கு வாசித்தேன். சிங்கம், பல தலைப் பாம்பு, சாணி மண்டிய தொழுவம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். வானத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு அவன் நின்றபோது அதீனா பின்னால் வந்து கை கொடுத்தாள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இவ ஏன் எங்க பாத்தாலும் வந்து நிக்கிறா?"

"ஒத்தாசைக்கு."

"இவளுக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணுமில்ல. தம்பி."

அம்மா என்னையே பார்த்தாள். மின்விசிறிச் சத்தம் அதிகமாக இருக்கிறது, எண்ணெய் போட வேண்டும்.

கடைசிப் பகுதியை வாசிக்கவில்லை. குக்கர் விசில் வந்துவிட்டது. இறந்த ஹெராக்ளீஸை அதீனா தேரில் ஏற்றி ஒலிம்பஸுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே அவனுக்குக் கல்யாணம். பெண், ஹீரா பெற்ற ஹீபி. (ஸ்டெல்லா இதற்குக் கோடு போட மறுக்கிறாள். "தங்கச்சி மேடம்! பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கிற புஸ்தகம்!" தெய்வங்களுக்கு முறை வேறு என்று அடிக்குறிப்புச் சேர்த்திருக்கிறேன்.) அதற்கு முன் ஹீரா கட்டிலில் படுத்து, அவ்வளவு பெரிய ஆளைத் தன் உடைக்குள் அணைத்துத் தரையில் நழுவவிட்டு, தான் பெற்ற பிள்ளை என்று ஊரறியச் செய்தாளாம். ஒரு பழைய ஏட்டில் இருக்கிறது. நம்பத்தகுந்ததாக இல்லை. இத்தனை வருடக் கோபம் அப்படியெல்லாம் போகாது.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். அவரை எடுத்த அன்று கொள்ளி வைத்தது என் சித்தப்பா மகன். பெற்ற மகன் கேட்டுக்கு வெளியே, தெரு விளக்குக் கம்பத்தோரம் நின்றுகொண்டிருந்தார். கேட்டைச் சாத்தியது யார் என்பது இங்கே தேவையில்லை. அம்மா இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் மேசையில் கடைசி அத்தியாயத்தின் பக்கங்கள் வரிசை மாறிக் கிடந்தன. ஹீரா கட்டிலில் படுக்கும் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே. அதன்மேல் அம்மாவின் மூக்குக் கண்ணாடி. ஜன்னல் திறந்திருந்தது, காற்றாக இருக்கும். கண்ணாடியைப் பற்றித் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

வெள்ளிக்கிழமை கரூரில் ஒரு கருத்தரங்கு, விடியலில் கிளம்ப வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"எதப் பத்தி?"

"குடும்ப அமைப்பு பத்தி."

"நல்லாப் பேசு" என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அரக்குப் புடவையை அம்மா இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருக்கிறாள். கருத்தரங்குக்கு என்ன உடுத்தப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாலை ஆறு. இப்போதுதான் வீடு திரும்பினோம். எழுதிவிடுகிறேன்.

முதல் பஸ் பிடித்து ஏழரைக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தேன். வாசலில் குணாளன் பட்டுவேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் "வந்துட்டீங்களாக்கா" என்று மட்டும் மூன்று தடவை சொன்னார். பட்டறை ஆட்களிடம், "எங்கக்கா. டாக்டர். ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல" என்று அறிமுகம் செய்துவைத்தார். திருத்தவில்லை.

முகூர்த்தத்துக்கு மேடையில் ஏறி மணப்பெண் தேன்மொழிக்குப் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "அண்ணி, காலைல எதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று காதோரம் கேட்டாள். நர்ஸுகளுக்கு எல்லாம் தெரிகிறது. சாப்பிட்டேன் என்றேன்.

அப்போது பெண்ணின் பெரிய அத்தை முன்னால் வந்தார்.

"நாத்தனாரம்மா வீட்டுக்காரரு வரலயா?"

"எனக்குக் கல்யாணம் ஆகல."

"அடடா." அவர் கெட்டவர் போலத் தெரியவில்லை, கையைப் பிசைந்தார். "கட்டுக்கழுத்தி போட்டாத்தானே நல்லது? கோவிச்சுக்காதீங்க. பொண்ணு வாழப்போற எடம் பாருங்க. மாப்பிள்ள சித்தி யாராச்சும்..."

அய்யர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குணாளன் எழுந்தே விட்டார். "எங்கக்கா போடலேன்னா..." என்று ஆரம்பித்தார். அவர் அதை முடித்துவிடக் கூடாது என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்ல நாளில் என்னால் ஒரு சண்டை வேண்டாம். இறங்கிவிடுவது எளிது, அதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டேன்.

"அங்கயே நில்லு பிரபா!"

மூன்றாவது வரிசையில் அம்மா. பக்கத்தில் ஸ்டெல்லா, பூ வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காததுபோல் மேற்கூரையைப் பார்த்தபடி. அன்று வீட்டுக்குப் பழமும் வெற்றிலையும் கொண்டுவந்து காபி குடித்துப் போனது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா எழுந்து நின்றாள். "ஏம்மா, மாப்பிள்ளைக்கு நான் பெரியம்மா. அவங்கப்பாவுக்கு மொதல்ல கழுத்த நீட்டினவ. எனக்குக் கட்டுக்கழுத்தி நாத்தனார்தான் முடிச்சுப் போட்டா, ஊரே பாத்துச்சு. என்ன கெட்டியா நின்னுச்சு? சொல்லுங்க!"

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பெரிய அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சரிதாங்க" என்று நகர்ந்து நின்றார்.

கெட்டிமேளம். அவன் முதல் முடிச்சைப் போட்டான். நான் மற்ற இரண்டையும். நடுவில் கீழேயிருந்து, "இறுக்கிப் போடுடி, எதுக்குத் தடவிக்கிட்டு நிக்கிற!" என்று குரல் வந்தது. மண்டபமே கேட்டிருக்கும்.

முடிந்ததும் எல்லாரும் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "புருஷன் போனவளுக்கு அங்க என்ன வேல" என்று முன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நியாயம் பேசியவள் அவளே. தனக்கென்று வந்தால் வேறு நியாயம். குணாளன் காத்திருக்கவில்லை. மாலையும் கழுத்துமாகத் தேன்மொழியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்தான். நாற்காலிகளை ஸ்டெல்லா ஒதுக்கிவிட்டாள். இருவரும் அம்மாவின் காலில் விழுந்தார்கள்.

அம்மா தேன்மொழியை முதலில் தூக்கினாள். அவன் உடனே எழவில்லை. முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எந்திரிடா. ஒண்ணோட நிறுத்திக்கணும், என்ன?"

சுற்றி நின்றவர்கள் விழித்தார்கள். முதலில் சிரித்தது தேன்மொழி.

"அத நான் பாத்துக்கறேன் அத்தை" என்றாள்.

"சரிங்க பெரியம்மா" என்றான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பந்தியில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி.